வேந்தன் எழும் களம்

மழை முற்றாக முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு சித்திரையில், கீழ்நுணாம்பட்டு ஏரிக்கரையில் டூரிங் கொட்டகைக்காரன் ஒருவன் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கடல் கடந்த தேசத்தில் எவரோ எடுத்து நம் ஆட்கள் தமிழ்க் குரல் சேர்த்த 'விண்வெளி வேந்தன்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை ஓட்டினான் என்றும், வேற்று உலகத்திலிருந்து வெள்ளி உடுப்போடு சமாதானம் சொல்ல இறங்கிவந்த வேந்தனைப் பட்டாளத்தார் சுட்டுச் சாய்த்தார்கள் என்றும், அவன்மேல் பரிவு கொண்ட பெண்ணொருத்தி கண்ணீர் வழிய அவன் நெற்றியில் தண்ணீர் தெளித்து "எழுந்திரு வேந்தே, உலகம் உனக்காகக் காத்திருக்கிறது" என்றதும் அவன் எழுந்து நின்றான் என்றும், அவன் எழுந்த அதே நொடியில் தார்ப்பாயின்மேல் மழை கொட்டியது என்றும் அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

வேறு ஊராக இருந்தால் சேறு காய்ந்ததும் படத்தையும் மறந்திருக்கும். கீழ்நுணாம்பட்டு திரௌபதியம்மன் கோயில் ஊர். வருடா வருடம் பாரதம் வைத்து, படுகளத்தில் செத்தவர்போல விழுந்து கிடக்கிறவர்களை மஞ்சள் தண்ணீர் தெளித்து எழுப்பிப் பழகிய ஊர். விழுந்தவர் எழுவார் என்பது அவர்களுக்குச் சினிமாவில் பார்த்துக் கைதட்டிவிட்டு வருகிற விஷயம் இல்லை, சித்திரை மாதத்தில் பட்டப்பகலில் நடக்கிற காரியம். அதனால் அடுத்த வருடமே தீமிதிக்கு மறுநாள் வேந்தனுக்கும் ஒரு படுகளம் சேர்ந்துகொண்டது. அலுமினியப் பெயின்ட் பூசிய ஆள் ஒருவன் வற்றிய ஏரிக்குள் நிற்பான், கோயில் வேட்டுக்காரர் நாட்டுத் துப்பாக்கியில் குண்டு போடாமல் வெறும் வெடிமருந்தை இடித்துச் சுடுவார், அவன் விழுவான், புடவை கட்டிய ஆண் ஒருத்தன் மஞ்சள் தண்ணீர் தெளித்து அழுதுகொண்டே அந்த வசனத்தைச் சொல்வான், வேந்தன் எழுவான், சனம் குலவை இடும். சில வருடம் மழை வந்தது, சில வருடம் வரவில்லை, வந்த வருடங்களை மட்டும் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது.

படம் ஊரைவிட்டுப் போகவே இல்லை. சலூனில் வேந்தன் கட்டிங் வந்தது, ரவிக்கைக்கு வேந்தன் கை வந்தது, கும்பிடுகிற வழக்கம் போய் இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சில் ஒற்றிக்கொள்கிற வேந்தன் வணக்கம் வந்தது, கல்யாண பேனரில் மாப்பிள்ளை பெண்ணுக்கு நடுவே வேந்தன் நின்று ஆசீர்வதித்தான், ஊராட்சித் தேர்தலில் எதிரெதிராக நின்ற இரண்டு பேரும் வேந்தன் படத்தைப் போட்டே ஓட்டுக் கேட்டார்கள், பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு இரண்டு விண்ணரசனாவது இருந்தான். அகில உலக விண்வெளி வேந்தன் ரசிகர் மன்றம் என்று தகரப் பலகை ஒன்று பஸ் நிறுத்தத்தில் நின்றது. அகில உலகத்தில் வேறு கிளை எதுவும் இல்லை.

இந்த ஊரில்தான், சொந்தமாக இருந்த சில குழி நிலத்தில் மணிலா என்கிற வேர்க்கடலை போட்டு, தானே களை வெட்டி, தானே தண்ணீர் பாய்ச்சி, எல்லாரோடும் சண்டை போட்டுக்கொண்டு தனியாகக் குடியிருந்தாள் சாலாட்சி. தாலி கட்டியவன் பெங்களூரில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு வாய் பெருத்துவிட்டது என்று ஊர் சொல்லும். அதற்கு முன்பும் பெருசுதான். குழாயடியில் அவள் குரல் கேட்டால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். அவள் ஒருத்திதான் வேந்தன் படுகளத்துக்குப் போகாதவள். "பெயின்ட்டு பூசினவன் உழுந்து எழுந்தா மழ வருமா? அப்ப தண்ணி அடிச்சிட்டு தெனமும் உழுந்து எழுறானுங்களே, எம்மாம் மழ வந்திருக்கணும்?" என்பாள். மன்றத் தலைவன் கோதண்டம் முகம் சுண்டிப் போவான், ஏனென்றால் பல வருடங்களாகப் பெயின்ட் பூசிக்கொண்டு விழுந்து எழுந்தவன் அவன்தான்.

பங்குனி கடைசியில், மணிலாக் கொடி பிடுங்குகிற பருவத்தில், ஒரு காலை வேளை, அவள் கொல்லைக்குள் ஒருத்தன் நின்றான். பெரிய அண்டாவைக் கவிழ்த்ததுபோல ஒரு வண்டி கிணற்று மேட்டில் சாய்ந்து கிடந்தது, அதிலிருந்து நனைந்த பட்டாசு வாடை அடித்தது. ஆள் குள்ளம். நிறம் அப்போதுதான் மண்ணிலிருந்து பிடுங்கிய மணிலாக் காயின் நிறம். ஒவ்வொரு கையிலும் முழங்கை இரண்டு. கண் மட்டும் ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவனின் கண் மாதிரி சோர்ந்திருந்தது.

"எவண்டா அவன், கொடிய மிதிக்கிறவன்? வரப்புமேல ஏறி நில்லுடா" என்றாள் சாலாட்சி.

அவன் வரப்பில் ஏறி நின்றான். பசியாக இருப்பான் என்று தோன்றியது. தூக்குவாளியில் இருந்த கூழை ஊற்றிக் கொடுத்தாள். கூழை வைத்துவிட்டு அதற்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த உப்பை மட்டும் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு, அவள் சொல்லாமலே, பக்கத்தில் உட்கார்ந்து கொடியிலிருந்து காய் ஆய ஆரம்பித்தான். முழங்கை இரண்டு இருந்ததால் வேலை சுருக்காக நடந்தது. பேச்சு கிடையாது, தொண்டைக்குள் மெல்லிசாக ஒரு விசில் மட்டும். அவள் வழக்கம்போல ஊரைத் திட்டிக்கொண்டே காய் ஆய்ந்தாள், அவன் விசிலால் ஊங்கொட்டினான். தன் பேச்சை ஒருத்தன் எழுந்து போகாமல் கேட்பது அவளுக்குப் பல வருடங்களுக்குப் பிறகு கிடைத்த சங்கதி.

ஒரு மத்தியானம் அவன் காய்க் குவியலிலிருந்து மூன்று சின்னக் காய்களைப் பொறுக்கி வரிசையாக வைத்தான். தன் நெஞ்சைத் தொட்டான், காய்களைத் தொட்டான், மேலே காட்டினான். கடைசிக் காயை, எல்லாவற்றிலும் சின்னதை, எடுத்து உள்ளங்கையில் வைத்து ஆட்டினான்.

"மூணா? கைக்கொழந்தைய உட்டுட்டா வந்த? நல்லா வந்த போ. சீக்கிரம் வண்டிய சரி பண்ணிகினு ஊடு போய்ச் சேரு" என்றாள். அவனும் தினமும் சாயங்காலத்தில் அண்டாவின் அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டுதான் இருந்தான். இன்னும் கொஞ்ச நாளில் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் போவதற்குள் வறுத்த காய் ஒரு மூட்டை கட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள், பிள்ளைகளுக்கு.

ஊருக்குச் செய்தி போனது. ஊர் திரண்டு வந்தது. யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை, வேந்தன் வருவான் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு வந்ததில் என்ன அதிசயம்? வந்தவனைப் பார்த்ததும்தான் முகம் தொங்கிப் போயிற்று. உயரம் இல்லை. வெள்ளி உடுப்பு இல்லை. நெஞ்சில் வெளிச்சம் இல்லை. கோதண்டம் முன்னால் வந்து, உள்ளங்கைகளை நெஞ்சில் ஒற்றிக்கொண்டு, வேந்தன் பூமியில் இறங்கியதும் பேசுகிற நீண்ட வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். வந்தவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவன் கையில் ஒரு மணிலாக்காயைக் கொடுத்தான்.

"வணக்கம்கூட சொல்லத் தெரியலியே யக்கா, இது" என்றான் கோதண்டம்.

"இது இல்லடா, அவன்" என்றாள் சாலாட்சி.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வயிறு எரிகிறது. வந்தவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்று முதலில் பேச்சு வந்தது. கோயில் பக்கமா, ஏரிப் பக்கமா? நிறத்தைப் பார்த்து ஒரு கட்சி, குள்ளத்தைப் பார்த்து ஒரு கட்சி. முடிவு தெரிகிற வரைக்கும் டீக்கடையில் அவனுக்குப் பேப்பர் கப்பில் ஊற்றினார்கள், கோயிலில் கொடிமரத்துக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்தார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவிலிருந்து ஒருத்தன் இறங்கி வந்தால் இவர்களுக்குக் கேட்கத் தோன்றிய முதல் கேள்வி அதுதான், வெட்கங்கெட்டவர்கள். பிறகு மன்றம் கூடி, உண்மையான வேந்தன் இப்படி இருப்பதை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் ஊர் மானம் போய்விடும் என்று தீர்மானித்து, சாலாட்சி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவன் உடம்பு முழுக்க அலுமினியப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள்.

அவள் திரும்பி வந்தபோது அவன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து தோலைச் சொறிந்துகொண்டிருந்தான். சொறிந்த இடத்தில் தோல் பட்டை பட்டையாக உரிந்தது. விசில் நின்றிருந்தது. சாலாட்சி மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவி முடித்துவிட்டு தெருத் தெருவாகப் போய்த் திட்டினாள். "அவனப் பாருங்கடா, அவன் மூஞ்சப் பாருங்கடா! சினிமாவுல பார்த்த மூஞ்சியவே இங்கயும் தேடினா எவன் கெடைப்பான் உங்களுக்கு?" கதவுகள் சாத்திக்கொண்டன. சாலாட்சி திட்டுவது அந்த ஊரில் கோழி கூவுகிற மாதிரி, யாரும் அதற்காகத் தலையைத் திருப்புவதில்லை.

தீமிதி நெருங்கியது. கோதண்டமும் நாட்டாண்மைக்காரர்களும் வெற்றிலைபாக்குத் தட்டோடு வந்தார்கள். நிஜ வேந்தன் ஊரில் இருக்கும்போது கோதண்டம் களத்தில் நிற்பது நியாயமில்லை, வந்தவரே நிற்கட்டும், மாலை போட்டு மரியாதை செய்து அனுப்பிவைக்கிறோம், பெயின்ட் விஷயத்துக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம் என்றார்கள். கோதண்டம் கண்கலங்கித்தான் பேசினான். அதில் பொய் இல்லை, அந்தப் பயல் வேந்தனை அவ்வளவு நம்பினான், அதுதான் வினை. சாலாட்சி வேட்டுக்காரர் முனிரத்தினத்தின் வீட்டுக்கே போய் வாசலில் நின்றாள்.

"மாமா, துப்பாக்கியில இன்னா போடுவ?"

"எப்பவும் போலத்தாம்மே. வெறும் மருந்து. டப்புனு சத்தம், அவ்ளோதான்."

"என் தலமேல அடிச்சிச் சொல்லு."

முனிரத்தினம் அவள் தலைமேல் கைவைத்துச் சொன்னார். அதன்பிறகுதான் அவனை அனுப்ப அவள் சரி என்றாள். அவர் சொன்னபோது அது உண்மையாகத்தான் இருந்தது.

களத்தன்று ஏரிக்குள் சுற்று வட்டாரமே கூடியிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கனகாம்பர மாலையோடு வந்தவன் நடுவில் நின்றான், கையில் சாலாட்சி கொடுத்த உப்புப் பொட்டலம். முனிரத்தினம் மருந்தை இடித்துக்கொண்டிருக்கும்போது கோதண்டம் அவர் பக்கத்தில் போய்க் குனிந்தான். பிறகு நாட்டாண்மைக்காரர்களும் போனார்கள். பேசியது சாலாட்சி நின்ற இடத்துக்குக் கேட்கவில்லை, பின்னால் ஊரே வாய்விட்டுச் சொன்னபோதுதான் தெரிந்தது. பொய் ஆளுக்குப் பொய் மருந்து சரி. நிஜ ஆளுக்கும் பொய் மருந்தா? அம்மன் கண்ணைக் கட்டுகிற வேலை இல்லையா அது? இத்தனை வருடம் மழை வந்தும் வராமலும் போனதே இந்தப் பொய்யால்தானே? எழப்போகிறவனுக்கு ஈய ரவை என்ன செய்யும்? இவ்வளவுதான் அவர்கள் கணக்கு. ஒருத்தருக்கும் அவன்மேல் கோபம் கிடையாது, ஒருத்தருக்கும் அவனைக் கொல்லும் எண்ணம் கிடையாது, உள்ளங்கைகளை நெஞ்சில் ஒற்றிக்கொண்டு பக்தியோடு நின்றார்கள், முனிரத்தினமும் பக்தியோடுதான் ரவையைப் போட்டு இடித்தார்.

சத்தம் வழக்கத்தைவிடக் கனமாகக் கேட்டது. அவன் விழுந்தான். கோதண்டம் விழுகிற மாதிரி கையை விரித்து அழகாக விழவில்லை, மடங்கி விழுந்தான். உப்பு கொட்டியது.

சனம் குலவை இட்டது. புடவை கட்டிய ஆண் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு கிளம்பியபோது கூட்டத்தில் யாரோ, நிஜ வேந்தனுக்கு நிஜப் பொம்பளைதான் சொல்லவேண்டும், அவனுக்குச் சோறு போட்டவள் சாலாட்சிதானே என்று கத்தினார்கள். செம்பை அவளிடம் நீட்டினார்கள். ஆனால் அவள் அதற்குள் அவன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள், மாலைக்கு அடியில் கையைக் கொடுத்து ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தாள், விரலிடுக்கில் வழிந்தது தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருந்தது.

"சொல்லு யக்கா! சொல்லு!" என்றான் கோதண்டம்.

வாழ்நாள் முழுக்கக் கிண்டல் பண்ணிய அந்த வசனத்தை சாலாட்சி சொன்னாள். வேறு என்ன செய்வாள்? உயிர் போய்க்கொண்டிருக்கும்போது எதைச் சொன்னால் என்ன என்று சொன்னாள். எழுந்திரு வேந்தே என்றாள், எழுந்திருடா என்றாள், எழுந்திருடா பாவி உன் புள்ளைங்க அங்க உக்காந்திருக்குதுடா என்றாள். தண்ணீரைத் தெளித்தாள், ஊற்றினாள். தொண்டைக்குள் மெல்லிசாக விசில் வந்தது, பிறகு வரவில்லை.

ஊர் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தது. பானகம் கொடுத்தார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. பிறகு ஒவ்வொருத்தராகத் துணியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். அடுத்த நாள் காலையில் ஊரின் தீர்ப்பு வந்துவிட்டது. சாலாட்சி அழவில்லை. படத்தில் அந்தப் பெண் எப்படி அழுவாள், கண்ணீர் கன்னத்தில் உருண்டு எப்படி வேந்தன் நெற்றியில் விழும்! இவள் நெற்றி நரம்பு புடைக்கக் கத்தினாள். நடுவில் 'டா' போட்டாள், பாவி என்றாள். வேந்தனை யாராவது அப்படி எழுப்புவார்களா? அவள் வாயால்தான் எழும்ப வேண்டியவன் எழும்பாமல் போனான், மழையும் பக்கத்து ஊரோடு நின்றுவிட்டது. டீக்கடை சொன்னது, குழாயடி சொன்னது, பக்கத்துக் கொல்லைப் பெண்கள்கூடச் சொன்னார்கள். சுட்டவர் மேல் பழி இல்லை, ரவை போடச் சொன்னவர்கள் மேல் பழி இல்லை, அழகாக அழத் தெரியாதவள் மேல் பழி.

அவள் அவனைக் கொல்லையிலேயே கிணற்று மேட்டில் புதைத்தாள். குழி வெட்ட ஒரு ஆள் வரவில்லை. அண்டா வண்டியை மட்டும் அவள் இல்லாதபோது தூக்கிக்கொண்டு போய், சந்தனம் குங்குமம் வைத்து, கோயிலில் சிங்க வாகனத்துக்கும் அன்ன வாகனத்துக்கும் பக்கத்தில் வேந்த வாகனம் என்று நிறுத்திவிட்டார்கள்.

அந்த வருடம் முழுக்க சாலாட்சி தினமும் காலையில் முனிரத்தினம் வாசலுக்குப் போனாள். மற்ற வாசல்களில் திட்டுவதை விட்டுவிட்டாள், அவர் வாசலில் மட்டும். திட்டவும் இல்லை. "என் தலமேல அடிச்சி இன்னா சொன்ன மாமா?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போவாள். முதலில் முனிரத்தினம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பிறகு சாத்தவில்லை. பிறகு அவள் வருகிற நேரத்துக்கு வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டார். சோறு இறங்காமல் இளைத்துப் போனார்.

திரும்பவும் சித்திரை வந்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. இந்தத் தடவை பிசகு நடக்கக் கூடாது என்று மன்றம் காஞ்சிபுரத்திலிருந்து அழத் தெரிந்த நாடகப் பெண் ஒருத்தியைக் கூட்டி வந்திருந்தது. கோதண்டம் பழையபடி அலுமினியப் பெயின்ட்டில் பளபளவென்று நின்றான். வேந்த வாகனத்துக்குக் கற்பூரம் காட்டினார்கள். முனிரத்தினம் மருந்து இடித்தார், இடித்து முடித்தார், துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றாமல் சனத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"நெஜ ரவதான் போட்டிருக்கேன்" என்றார்.

கூட்டத்தில் சிரிப்பு கேட்டது, பிறகு அடங்கியது. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. சாலாட்சி, வாழ்நாளில் தானாகப் படுகளத்துக்கு வந்தேயிராத சாலாட்சி, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"எதுக்குடா பேந்தப் பேந்த முழிக்கிறீங்க? நல்லா அழுவுற பொண்ணு வந்திருக்குது. வார்த்தைய சுத்தமா சொல்லுது. மஞ்சத் தண்ணி இருக்குது, அம்மன் இருக்குது. உழுந்தா எழுந்துரலாம். நீங்கதானடா சொன்னீங்க? சுடு மாமா."

முனிரத்தினம் துப்பாக்கியை உயர்த்தினார். கோதண்டத்தின் வேர்வையில் பெயின்ட் கோடு கோடாக இறங்கியது. அவன் நாட்டாண்மைக்காரர்களைப் பார்த்தான், அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"வேணாம் யக்கா" என்றான்.

"அப்ப வேற யாரு? எழுந்துருவேன்னு நம்பற ஆளு ஒருத்தன் வா. இவ்ளோ பேரு இருக்கீங்க, ஒரே ஒருத்தன் வாங்கடா!"

முன் வரிசையில் இருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள், நெஞ்சில் ஒற்றியிருந்த உள்ளங்கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கோதண்டம் வெடித்த மண்ணில் உட்கார்ந்தான். நாடகப் பெண் செம்பை வைத்துவிட்டு ஒதுங்கிப் போனாள்.

"யக்கா, சுட வேணாம்னு சொல்லு யக்கா" என்று அழுதான் கோதண்டம். "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது."

சாலாட்சி மடியிலிருந்து எதையோ எடுத்து அவன் முன்னால் போட்டாள். ஒரு வருடம் காய்ந்த மூன்று சின்ன மணிலாக்காய்கள் வெள்ளிப் பெயின்ட் சொட்டிய மண்ணில் உருண்டன.

"அவனுக்கு மூணுடா" என்றாள். "ஒருத்தனாவது கேட்டீங்களா?"